ஏழாம் இடமும் ஈரத் துண்டும்

என் கொழுந்தனார் அறையில் பெரிய டிவி ஒன்று இருந்தது. அதில் சீரியலும் ஓடாது, கிரிக்கெட்டும் ஓடாது. ஒரு பட்டியல் மட்டும் விடிந்ததிலிருந்து தூங்கப்போகிற வரைக்கும் அப்படியே நிற்கும். இடப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். பக்கத்தில் வாயில் நுழையாத பெயர்கள். கடைசியில் பச்சை அம்பு, சிவப்பு அம்பு. அம்பு மேலே பார்த்தால் கொழுந்தனார் முகத்தில் சிரிப்பு. கீழே பார்த்தால் அன்றைக்குத் தோசை வேண்டாம். ஆகையால் நான் அந்தப் பட்டியலை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லில் மாவு ஊற்றுவேன். எனக்கு அதனால் கிடைத்த ஒரே பிரயோஜனம் அதுதான்.

எங்களுக்குக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜ் இருக்கிறது. மாமனார் கட்டியது. பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. கீழே சில அறை, மாடியில் சில அறை, அடிக்கடி மக்கர் பண்ணும் ஒரு மோட்டார், ரோட்டைப் பார்த்த பால்கனி, அந்தப் பால்கனிக்கு வரும் குரங்குகள். மாமனார் போன பிறகு என் வீட்டுக்காரரும் நானும் நடத்துகிறோம். அவர் கல்லாவில் உட்காருவார். மற்றதெல்லாம் நான். இதற்குப் பெயர்தான் சேர்ந்து நடத்துவது.

கொழுந்தனார் பெங்களூரில் வேலை பார்த்தவர். வேலை போய் ஊருக்கு வந்தார். போய்விட்டது என்று சொல்லக் கூடாதாம். பிரேக் எடுத்திருக்கிறார் என்று சொல்ல வேண்டுமாம். சரி, பிரேக் எடுத்தவர் எங்கே தங்கினார்? மாடியில் முன்பக்கத்து அறையில். லாட்ஜிலேயே நல்ல அறை அதுதான். கதவைத் திறந்தால் பால்கனி, எதிரே மலை, சாரல் அடித்தால் முகத்தில் படும். ஆனி, ஆடியில் அந்த அறைக்கு ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அங்கேதான் வைஃபை நன்றாக எடுக்கிறதாம். அதனால் சீசனிலும் அந்த அறையை அவர் காலி செய்ததில்லை, அவரைக் காலி செய்யச் சொல்ல என் வீட்டுக்காரருக்கு வாயும் வந்ததில்லை.

அப்புறம் வெளிநாட்டு முதலாளிகள் வைத்திருக்கும் ஒரு சின்ன கம்பெனியில் வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தது. அந்த வேலைதான் இந்தப் பட்டியல். ஒருநாள் காபி கொண்டு போனபோது, இது என்ன தம்பி என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"இது ரேங்க் போடுத டூல் மதினி. பிளாக்செயின்னு நெறைய நெட்வொர்க் இருக்கு. ஒவ்வொன்னுலயும் ஜனங்க பேங்க் இல்லாமலே கடன் குடுக்காங்க, கடன் வாங்குதாங்க, ஒரு காசைக் குடுத்து இன்னொரு காசா மாத்துதாங்க. டீஃபைன்னு பேரு. எந்த நெட்வொர்க்ல இந்த வேலை ஜாஸ்தி நடக்குன்னு பாத்து நாங்க வரிசை போடுதோம்."

"பேங்க் இல்லாமக் கடன் குடுத்தா, திருப்பித் தராதவனை யாரு பிடிப்பா?"

"எல்லாம் புரோகிராம் பாத்துக்கும்."

மேனேஜர் கிடையாது, கிளார்க் கிடையாது, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர்கூடக் கிடையாது. புரோகிராம் பார்த்துக்கொள்ளுமாம். எங்கள் மோட்டாருக்குத் தண்ணீர் நிறைந்தால் தானாக நிற்கும் புரோகிராம் ஒன்று இவரே மாட்டிக் கொடுத்தார். மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டி ரிசப்ஷனில் இருந்த காலண்டர் வரைக்கும் நனைந்தது. நான் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "என் தம்பி உலகத்துக்கே ரேங்க் போடுதான்" என்று வெந்நீர் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்களுக்கு வெந்நீர் வந்தால் போதும். தென்காசியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள், அந்த டிவி முன்னால் கைகட்டி நின்று பார்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததால்தான் அவ்வளவு மரியாதை. நான் சிரிப்பை அடக்க முடியாமல் அடுக்களைக்குப் போய்விட்டேன்.

சிரிப்போடு போயிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது. நடுவில் என் நாத்தனார் இருந்தாள்.

இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். கட்டிக்கொடுத்த இடத்தில் அந்த மனுஷன் வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டு மதுரைப் பக்கம் போய்விட்டான். இவள் மகளைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் வந்தாள். லாட்ஜில் விரிப்பு துவைப்பாள், தலையணை உறை மாற்றுவாள், ஆள் கூடினால் எனக்குச் சமையலில் கை கொடுப்பாள். சம்பளம் கிடையாது. தங்கச்சிக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று அண்ணன் கேட்டார். தங்கச்சியிடம் யாராவது ஊர்ப்பட்ட விரிப்பைத் துவைக்கக் கொடுப்பார்களா என்று நான் கேட்டேன். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவளுக்குக் கீழே பின்பக்கம் மூன்றாம் நம்பர் அறை. அதுவும் சீசன் இல்லாத மாதங்களுக்கு. சாரல் தொடங்கி வண்டிகள் வர ஆரம்பித்தால், "ஏட்டி, இன்னைக்கு ஒருநா மட்டும் அந்த ரூமைக் குடு" என்று அண்ணன் வந்து நிற்பார். அந்த ஒருநாள் ஆவணி வரைக்கும் நீளும். அவளும் மகளும் துணி ரூமுக்குப் போவார்கள். துணி ரூம் என்றால் விரிப்புகளும் தலையணைகளும் அடுக்கி வைக்கிற இருட்டறை. ஜன்னல் கிடையாது. பிளீச்சிங் பவுடர் வாடையும் ஈர வாடையும் அடிக்கும். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை தலையணை மூட்டையில் சாய்ந்து பாடம் படிக்கும். புத்தகத்தில் பூஞ்சை பிடிக்கும். மேலே கொழுந்தனார் மலையைப் பார்த்தபடி உலகத்துக்கு ரேங்க் போட்டுக்கொண்டிருப்பார்.

போன தை மாதம் வடகரையில் மாமனார் வைத்திருந்த வயலை விற்றோம். அவளுக்கும் பங்கு உண்டு. அவள் பங்கைத் தனியாக அவள் பெயரில் போடுங்கள் என்று நான் நின்றேன். "எல்லாம் ஒரே வீட்லதான இருக்கோம், எதுக்கு ளா பிரிச்சுப் பேசுத?" என்றார் என் வீட்டுக்காரர். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஆனால் துணி ரூமில் அவள் மட்டும்தானே இருக்கிறாள் என்றேன். கடைசியில் போட்டார்கள். அவள் கணக்கில் காசு வந்த அன்று, "மதினி, தென்காசியில சின்னதா ஒரு வீடு வாங்கணும். ரெண்டு ரூம் போதும். யாரு வந்தாலும் காலி பண்ணச் சொல்லாத வீடு" என்றாள். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது.

அந்தக் காசு எப்படி ஏழாம் இடத்துக்குப் போனது என்று கேளுங்கள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் கொழுந்தனார் ஆரம்பித்தார். வீடு பார்த்து முடிக்க நாலைந்து மாதம் ஆகும், அதுவரை காசு பேங்கில் சும்மா தூங்கும், அதை நல்ல நெட்வொர்க்கில் போட்டால் கூடிக்கொண்டே இருக்கும், பத்திரச் செலவு அதிலேயே வந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்றாம் இடங்கள் பெரிய இடங்கள், அங்கே லாபம் கம்மி. ஏழாம் இடம்தான் வளர்கிற இடம். இருபதில் கிடந்தது, மளமளவென்று ஏறி ஏழுக்கு வந்திருக்கிறது. பெயரைக்கூடச் சொன்னார், ஏதோ ஐஸ்கிரீம் பெயர் மாதிரி இருந்தது.

"நல்லா விசாரிச்சியாலே?" என்று நாத்தனார் கேட்டாள்.

"நான் விசாரிக்கணுமாக்கா? ரேங்க் போடுததே நான்தான்."

எனக்கு வேண்டாம் என்று பட்டது. பட்டதைச் சொன்னேன். "அது யாரு நடத்துதா, எங்கன இருக்கு, கேட்டா யாரு பதில் சொல்லுவான்னு ஒன்னுமே தெரியல. அவ காசு பேங்க்லயே கெடக்கட்டும்." என் வீட்டுக்காரர் சோற்றில் ரசத்தை ஊற்றியபடி, "ஒனக்கு ஒரு எழவும் தெரியாது, சும்மா இரு ளா. ஏழாம் இடத்துல இருக்குன்னா சும்மாவா? நம்ம வீட்ல யாராவது ஸ்கூல்ல ஏழாம் ரேங்க் வாங்கிருக்கமா?" என்றார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்குப் பங்கு கொடுத்தாலும் அது அண்ணன் தம்பி கைவழியாகத்தான் எங்கேயும் போகும். கேட்டால், கொடுத்துவிட்டோமே என்பார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். "தம்பி படிச்சவன். அண்ணனும் சரிங்கான். நான் என்ன சொல்லுதது?" என்றாள். போனில் ஓடிபி வந்தது. கண்ணாடி போடாததால் போனைத் தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு எண்ணாக வாசித்துச் சொன்னாள். தம்பி அழுத்தி முடித்து, "ஆயிட்டுக்கா" என்றார். அப்பளம் பொரித்த சட்டியை இறக்கி வைத்துவிட்டு நான் பின்வாசலில் போய் நின்றேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

இந்த இடத்தில் எங்கள் துண்டுகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

சீசன் தொடங்கும்போது எந்த லாட்ஜும் உடனே நிறையாது. முதல் சில நாட்கள் ஈ ஓட்ட வேண்டியதுதான். வண்டியில் வருகிறவன் இறங்கி அண்ணாந்து பார்ப்பான். பால்கனி காலியாக இருந்தால், இங்கே யாருமே இல்லை, ஏதோ கோளாறு, மூட்டைப்பூச்சி இருக்கும், தண்ணீர் வராது என்று அவனாக நினைத்து அடுத்த லாட்ஜுக்குப் போவான். பால்கனி முழுக்க ஈரத் துணி தொங்கினால், நல்ல கூட்டம், நல்ல இடம் என்று உள்ளே வருவான். ஆகவே மாமனார் காலத்திலிருந்து ஒரு பழக்கம். ஆள் இல்லாத அறைகளின் கம்பியில் துண்டும் லுங்கியும் நனைத்துத் தொங்கவிடுவோம். காய்ந்தால் மறுபடி நனைப்போம். அறை வாசல்களில் பழைய செருப்புகளை ஜோடி ஜோடியாகப் போடுவோம். கூட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டம் வரும். அருவியிலும் அப்படித்தானே, எந்த அருவியில் ஜனம் நெரிகிறதோ அங்கேதான் தண்ணீர் நன்றாக விழுகிறது என்று ஓடுகிறார்கள்.

சின்ன வயதில் அந்தத் துண்டுகளை நனைக்கிற வேலை யாருடையது தெரியுமா? இதே கொழுந்தனாருடையது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இவர் அரை டவுசரோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடுவார். ஒரே சிவப்புத் துண்டை காலையில் இந்தக் கம்பியிலும் மத்தியானம் அந்தக் கம்பியிலும் மாற்றிப் போட்டால் ரோட்டில் போகிறவன் வேறு துண்டு என்று நினைப்பான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே இவர்தான். அதில் அவ்வளவு கெட்டிக்காரர்.

காசு போட்டு ஒரு மாதம் இருக்கும். அந்தப் பட்டியலில் எதை வைத்து ரேங்க் போடுகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து கேட்டேன். காசு அவளுடையது, வயிற்றெரிச்சல் என்னுடையது, தெரிந்துகொள்ள வேண்டாமா? கொழுந்தனாருக்கு ஒரே சந்தோஷம். மதினிக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்திருப்பார்.

"ரொம்ப சிம்பிள் மதினி. எவ்வளவு காசு உள்ள போட்டிருக்காங்க, எத்தனை பேரு வந்து போறாங்க, அவ்வளவுதான். இப்போ ஒருத்தன் பத்து ரூபா போடுதான்னு வைங்க. அதுக்கு ஒரு டோக்கன் குடுப்பாங்க. அந்த டோக்கனை அங்கனயே பக்கத்துக் கடையில அடமானம் வச்சு எட்டு ரூபா வாங்குதான். அந்த எட்டு ரூபாயைத் திரும்பக் கொண்டாந்து உள்ள போடுதான்."

"அப்போ பட்டியல்ல எவ்வளவுன்னு வரும்?"

"பதினெட்டு. அடமானம் வச்ச டோக்கனையும் சேத்தா இன்னும் கூட வரும்."

"அவன் மடியில இருந்து வந்தது?"

"பத்து."

"மிச்சம் எங்கேருந்து வந்துச்சு தம்பி?"

"மதினி, அது ஆக்டிவிட்டி."

சரி, ஆட்கள் கணக்கு எப்படி என்று கேட்டேன். ஒருத்தனே பல பெயரில் கணக்குத் தொடங்கலாமாம். இந்தக் கணக்கிலிருந்து அதற்கும், அதிலிருந்து இதற்கும் காசை அனுப்பிக்கொண்டே இருக்கலாமாம். பின்னால் ஏதோ இனாம் கிடைக்கும் என்று நிறையப் பேர் அப்படிச் செய்வார்களாம். பட்டியலில் எல்லாம் தனித்தனி ஆளாகத்தான் வருமாம். சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி, இது நம்ம துண்டுல்லா? நாலு கம்பியில மாத்தி மாத்திப் போட்ட அதே செவப்புத் துண்டு. மத்தது வாசல்ல போட்ட செருப்பு. உள்ள ஆளே இல்ல."

"சேச்சே. அது வேற, இது வேற மதினி. இது டேட்டா."

"துண்டை நனைச்சவரே நீங்கதானய்யா!"

அவர் கோபப்படவில்லை. ரொம்பப் பொறுமையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "மதினி, துண்டைப் பாத்து வாரவன் ஏமாறலாம். நான் உள்ள இருந்து பாக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றார். உள்ளே இருந்து வாளியோடு நின்ற பையனுக்கு, வளர்ந்த பிறகு, கம்பியில் தொங்குகிற துண்டைப் பார்த்து ரூம் போடத் தோன்றியிருக்கிறது. இந்தக் கூறுகெட்ட புத்திக்கு பெங்களூரில் பல வருஷம் சம்பளம் வேறு கொடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் போய், அவள் காசைத் திரும்ப எடுத்துத் தரச் சொல்லுங்கள் என்று நின்றேன். "நல்லா ஏறிக்கிட்டிருக்கும்போது எடுக்கச் சொல்லுதியே, கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார்.

பங்குனியில் நாத்தனாருக்கு வீடு கிடைத்தது. தென்காசியில், கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். நானும் அவளோடு போய்ப் பார்த்தேன். இரண்டு அறை, ஓர் அடுக்களை, பின்னால் கை அகலத்துக்கு ஒரு முற்றம், துணி காயப்போட ஒரு கம்பி. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அவள் கண்ணில் அது படவே இல்லை. ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடினாள், மறுபடி திறந்தாள். "மதினி, காத்து வருது பாத்தீங்களா" என்றாள். வீட்டை விற்கிற அண்ணாச்சி நல்ல மனுஷர். ஆனி வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குமேல் முடியாது, மகள் கல்யாணம் இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது கடைத்தெருவில் நிறுத்தச் சொல்லி ஒரு பூட்டு வாங்கினாள். கனமான பூட்டு, மூன்று சாவி. பத்திரம் முடியட்டுமே, இப்பவே எதற்கு என்றேன். "இருக்கட்டும் மதினி, கையில வச்சிக்கிடுதேன்" என்றாள். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

வைகாசியில் ஒரு காலை தோசைக்கு முன்னால் மாடிக்குப் போனேன். அம்பைப் பார்க்கலாம் என்றால் ஏழாம் இடத்தில் வேறு ஏதோ பெயர் இருந்தது. கொழுந்தனார் நாற்காலியில் இல்லை, கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டதற்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நானே அவர் கீபோர்டில் அம்புக்குறியை அழுத்தி அழுத்திப் பட்டியலைக் கீழே இறக்கினேன். அந்த ஐஸ்கிரீம் பெயர் எங்கோ அடியில் கிடந்தது.

மெல்ல மெல்லச் சொன்னார். அந்த நெட்வொர்க்கில் இருந்த காசில் முக்கால்வாசி ஒரே ஒரு பெரிய கை போட்டதாம். அதைத்தான் சுற்றிச் சுற்றி அடமானம் வைத்துப் பலமடங்காகக் காட்டியிருக்கிறான். அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் போனதும் அந்த நெட்வொர்க் வெளியிட்ட காசுக்கே மதிப்பு விழுந்தது. மதிப்பு விழுந்ததும் மற்றவர்கள் ஓடினார்கள். ஓடுகிறவர்களுக்கு வெளியே வரும் வழியை, பராமரிப்பு நடக்கிறது என்று போட்டு மூடிவிட்டார்கள். "டெம்பரரிதான் மதினி" என்றார். இவருக்கு எல்லாமே டெம்பரரிதான், அந்த அறையைத் தவிர.

நாத்தனார் விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். சோப்பு நுரைக் கையோடு வந்து நின்றாள். "ஏலே, என் காசு எங்கன இருக்கு?"

"நாப்பத்தி மூணாவது எடத்துல இருக்குக்கா. திரும்ப ஏறும்."

"எடத்தைக் கேக்கலலே. காசு இருக்கா, இல்லையா?"

என் வீட்டுக்காரர் நடுவில் புகுந்து, "மேல நாப்பத்தி ரெண்டு பேருதான இருக்கான், ஏறிரும் ஏறிரும்" என்றார். இந்தக் குடும்பத்தில் வாக்கப்பட்டு நான் கேட்ட வார்த்தைகளில் இதற்கு மேல் மட்டமான வார்த்தை இல்லை. அவள் கையிலிருந்து நுரை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அப்படியே திரும்பிப் போய் மிச்ச விரிப்புகளையும் அலசிப் போட்டாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து கொழுந்தனாருக்கு உத்தரவு வந்தது. இப்படிச் செத்துப்போன நெட்வொர்க்குகள் பட்டியலில் இருந்தால் கம்பெனிக்கு நல்ல பேர் இருக்காதாம், அந்த வரியையே எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தார். அக்காவின் வீடு இருந்த வரியைத் தன் கையாலேயே அழித்தார். நாற்பத்து மூன்றும் போயிற்று. அந்த மாதம் அவருக்குச் சம்பளம் தவறாமல் வந்தது. பட்டியலிலும் ஒரு குறையும் தெரியவில்லை, கீழே இருந்ததெல்லாம் ஓரிடம் மேலே ஏறிக்கொண்டது.

ஆனியில் நானும் அவளும் தென்காசிக்குப் போய், வீடு வாங்க முடியாது என்று அந்த அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வந்தோம். அவர் தண்ணீர் கொடுத்தார். வேறொருத்தர் கேட்டு வைத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார். திரும்பும்போது கோபுர வாசலில் காற்று சேலையைப் பறித்தது. அவள் ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கை பைக்குள்ளேயே இருந்தது. பூட்டை அன்றைக்கும் கொண்டு வந்திருந்தாள் போல.

அந்த வாரமே சாரல் தொடங்கிவிட்டது. பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று போனில் வீடியோ சுற்ற ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் உற்சாகமாகக் கல்லாவில் சாம்பிராணி போட்டுவிட்டு வந்தார். "ஏளா, சீசன் ஆரம்பிச்சிட்டு. துண்டையெல்லாம் நனைச்சுத் தொங்கப் போடு. அப்படியே தங்கச்சிய மூணாம் நம்பரைக் காலி பண்ணச் சொல்லு. பிள்ளை பொஸ்தகத்தையெல்லாம் துணி ரூமுக்கு மாத்திரட்டும்."

நான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

"காலி பண்ணச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு நேராக மாடிக்குப் போனேன். முன்பக்கத்து அறைக் கதவு திறந்துதான் இருந்தது. டிவியின் வயரைப் பிடித்து இழுத்தேன். பட்டியல் அணைந்தது. கொழுந்தனார் பதறி எழுந்தார்.

"என்ன மதினி இது?"

"ரூம் புக் ஆயிட்டு தம்பி. காலி பண்ணுங்க."

"எனக்கு வேலை இருக்குல்லா? யாரு புக் பண்ணது?"

"ஒங்க அக்கா. வயக்காட்டுக் காசு பூராத்தையும் முன்பணமா குடுத்துட்டா. வாங்கிக்கிட்டதே நீங்கதான், மறந்துட்டா?"

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் ஏறி வந்தார். சீசன் நேரத்தில் நல்ல அறையை இப்படி அடைக்கலாமா, நஷ்டம் எவ்வளவு தெரியுமா என்று ஆரம்பித்தார். "நஷ்டத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க. ஏழாம் எடம் சும்மாவான்னு கேட்ட வாய் அது. இத்தனை வருசம் ஒங்க தம்பி வாடகை இல்லாமக் கெடந்தபோது வராத நஷ்டம் இன்னைக்கு எங்கேருந்து வந்துச்சு?" என்றேன். இன்னும் நிறையப் பேசினேன். எதிர் லாட்ஜில் அருவிக்குப் போகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் கையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகவே பேசினேன். அவருக்கு என் கத்தலைவிட அந்த ஜனம் பார்ப்பதுதான் வலித்தது. படியிறங்கிப் போய்விட்டார்.

நாத்தனார் வாசலில் வந்து நின்று, "வேண்டாம் மதினி, எதுக்குச் சண்டை, நாங்க அங்கனயே படுத்துக்கிடுதோம்" என்றாள். "பேசாம இரு ளா" என்று அவளையும் ஒரு அதட்டு அதட்டினேன். அறையைப் பெருக்கித் துடைத்துக் கொடுத்தேன். பிள்ளை புத்தகங்களைக் கொண்டுவந்து ஜன்னல் ஓரமாக அடுக்கியது. கொழுந்தனார் டிவியைத் தூக்கிக்கொண்டு துணி ரூமுக்குப் போனார். அங்கே வைஃபை எடுக்காது. தலையணை நிறைய இருக்கிறது, சாய்ந்துகொள்ளலாம்.

மறுநாள் காலையில் அவளையும் பிள்ளையையும் அருவிக்கு அனுப்பினேன். இத்தனை வருஷம் குற்றாலத்தில் இருந்தும் சீசனில் அவள் அருவிக்குப் போனதே கிடையாது, விரிப்பு துவைக்கவே பொழுது சரியாக இருக்கும். இரண்டு பேரும் தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார்கள். நனைந்த சேலையையும் பாவாடையையும் பால்கனிக் கம்பியில் உதறிக் காயப்போட்டார்கள். நான் அன்றைக்கு ஒரு துண்டுகூட நனைக்கவில்லை. கம்பி முழுக்க இவர்கள் துணி மட்டும்தான்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் ஒரு வேன் நின்றது. குடும்பத்தோடு வந்த ஒருவர் இறங்கி அண்ணாந்து பார்த்தார். "அந்தப் பால்கனி ரூம் எப்போ காலியாகும்?" என்று கல்லாவைப் பார்த்துக் கேட்டார். என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில், "ஒருநா பொறுங்க அண்ணாச்சி" என்று ஆரம்பித்துவிட்டார். மேலேயிருந்து அவள் குரல் வந்தது. அண்ணன் முன்னால் அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அது ஆவாது அண்ணாச்சி. இங்கன நாங்க இருக்கோம்."

வேன்காரர்களுக்குக் கீழே மூன்றாம் நம்பரைத் திறந்துவிட்டேன். அப்புறம் மாடிக்குப் போனால், லாட்ஜ் பூட்டைக் கழற்றிவிட்டு, தென்காசியில் வாங்கிய அந்தக் கனமான பூட்டைக் கதவில் மாட்டிக்கொண்டிருந்தாள். புதுப் பூட்டு, சாவி இறுக்கமாகத்தான் திரும்பியது. ஒரு சாவியை மகள் கையில் கொடுத்தாள். ஒன்றைத் தன் தாலிக்கயிறு இல்லாத கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். பின்னாலேயே வந்த என் வீட்டுக்காரர், எல்லா அறைச் சாவிக்கும் ஒன்று கல்லாவில் இருக்க வேண்டும் என்ற வழக்கப்படி கையை நீட்டினார். அவள் அந்தக் கையைக் கடந்து வந்து, மூன்றாவது சாவியை என் கையில் வைத்து மூடினாள்.